அத்தியாயம் 6: தரகர் அவசரப்படுத்தும்போது

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனையைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவதற்குள் போன் வந்துவிடும். "சார், காலையில பார்த்தீங்களே, அந்தக் கார்னர் பிளாட்... இன்னொரு பார்ட்டி சாயந்திரம் அட்வான்ஸோட வர்றாங்க. உங்களுக்காகத்தான் ஓனர்கிட்ட சொல்லி நிறுத்தி வெச்சிருக்கேன். ஒரு அம்பதாயிரம் ஜி-பே பண்ணிடுங்க, மிச்சத்தை நேர்ல பேசிக்கலாம்." கூடுவாஞ்சேரியிலும் கோவை சரவணம்பட்டியிலும் மதுரை ஒத்தக்கடையிலும் இந்தப் பேச்சு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். அந்த இன்னொரு பார்ட்டி உண்மையிலேயே இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வாங்குபவரால் அதைச் சரிபார்க்கவே முடியாது. இந்தப் பேச்சின் பலமே அதுதான்.

தரகர் ஏன் இப்படி விரட்டுகிறார் என்பதற்கு அவருடைய வருமானக் கணக்கைப் பார்த்தால் போதும். தமிழ்நாட்டில் இடமோ வீடோ கைமாறும்போது விற்பவர், வாங்குபவர் இரு பக்கமும் 1 முதல் 2 சதவீதம் வரை கமிஷன் தருவது வழக்கம். இது சட்டம் வகுத்த விகிதம் இல்லை, பேச்சில் முடிவாவது. 40 லட்ச ரூபாய் மனைக்கு 1 சதவீதம் என்றால் ஒரு பக்கத்திலிருந்து 40 ஆயிரம் ரூபாய். விலையில் 2 லட்சம் குறைந்தால் வாங்குபவருக்கு 2 லட்சம் மிச்சம். தரகருக்கோ 2 ஆயிரம்தான் வித்தியாசம். ஆனால் பேரம் ஒரு மாதம் இழுத்து முறிந்துபோனால் அவருடைய 40 ஆயிரமும் போய்விடும். பல பேருக்கு இடம் காட்டி, சொந்தக் காசில் பெட்ரோல் போட்டு அலைந்தவருக்குக் கிரயம் முடியாவிட்டால் ஒரு பைசா கிடையாது. அதனால் நல்ல விலையைவிட சீக்கிரம் முடிவதுதான் அவருக்கு முக்கியம். வாங்குபவருக்கோ ஆயுள் சேமிப்பு முழுவதும் ஒரே கையெழுத்தில் போகிறது. நிதானம்தான் அவருடைய ஒரே பாதுகாப்பு.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நல்ல தரகர் பெரிய உதவி. எந்தத் தெருவில் மழைத் தண்ணீர் நிற்கும், எந்தக் குடும்பத்தில் பங்காளிச் சண்டை நடக்கிறது, எந்த மனையை வங்கி அடமானத்துக்கு ஏற்காது என்பதெல்லாம் ஊரில் முப்பது வருடம் புழங்கிய தரகருக்கு அத்துப்படி. அந்த அறிவுக்குக் கமிஷன் தருவது நியாயம். முரண்டு பிடிப்பவர், மறைப்பவர், மிரட்டாமல் மிரட்டுபவர் என்று தரகர்களில் பல ரகம் உண்டு. ரகம் எதுவானாலும் வாங்குபவர் செய்ய வேண்டிய ஏற்பாடு ஒன்றுதான். பத்திரம் பார்ப்பது, விலை பேசுவது, பணம் கொடுப்பது ஆகிய மூன்றும் தரகரின் கை வழியாக நடக்கக் கூடாது. இடம் காட்டுவது, ஆட்களைச் சேர்த்துவைப்பது, சந்திப்புக்கு நேரம் குறிப்பது ஆகியவை அவருடைய வேலை. இந்த எல்லையை முதல் நாளே போட்டுவிட்டால் பாதிச் சண்டை வராது.

முதல் கேள்வி

2016-இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தை எல்லோரும் ரெரா என்றே அழைக்கிறார்கள். அது பில்டர்களுக்கு மட்டுமான சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். தரகர், இடைத்தரகர், புரோக்கர் என்று எந்தப் பெயரில் தொழில் செய்தாலும் அவரையும் முகவராகவே அந்தச் சட்டம் பார்க்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் அல்லது 8-க்கு மேற்பட்ட அடுக்கக வீடுகளோடு புதிதாக வரும் திட்டத்தை ரெராவில் பதிவு செய்தாக வேண்டும். அப்படிப் பதிவான திட்டத்தில் மனையோ வீடோ விற்றுத் தரும் முகவரும் பதிவு எண் வாங்கியிருக்க வேண்டும். பதிவில்லாத முகவருக்கு நாள் ஒன்றுக்கு 10 ஆயிரம் ரூபாய் வீதம், சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது.

ஆகவே லேஅவுட் மனையோ புது அடுக்ககமோ பார்க்கப் போகும்போது முதல் கேள்வி, "அண்ணே, உங்க ரெரா நம்பர் என்ன? இந்த லேஅவுட்டோட ரெரா நம்பர் என்ன?" என்பதாக இருக்கட்டும். இரண்டையும் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். விளம்பரத்திலேயே திட்டத்தின் பதிவு எண் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். "அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும்" என்று பதில் வந்தால் வந்த பிறகு பேசலாம். பதிவாகாத திட்டத்தில் முன்பதிவு வாங்குவதே சட்டப்படி தவறு.

இங்கே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஒருவர் குடியிருக்கும் பழைய வீட்டையோ தனியார் வைத்திருக்கும் ஒற்றை மனையையோ மறுவிற்பனையில் வாங்கும்போது இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைக்காது. அங்கே இருப்பவர் டீக்கடைத் தரகர், அபார்ட்மென்ட் வாட்ச்மேன், உறவுக்காரருக்குத் தெரிந்தவர். அவரிடம் பதிவு எண் இருக்காது, அலுவலகம் இருக்காது, ரசீதுப் புத்தகமும் இருக்காது. இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி அந்த இடத்தில் மாட்டிக்கொள்பவர்களுக்காகத்தான்.

உரிமையாளர் எங்கே?

வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது உரிமையாளரைக் கண்ணில் காட்டாத தரகரிடம். "ஓனர் பெங்களூர்ல இருக்காரு", "அவருக்கு உடம்பு சரியில்ல", "விலையெல்லாம் நான்தான் பேசணும்னு சொல்லிட்டாரு" என்று காரணம் மாறிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் இதற்குப் பின்னால் இருப்பது, தொழிலில் 'மேல வெச்சு விக்கிறது' என்று சொல்லும் பழக்கம். உரிமையாளர் 35 லட்சம் கேட்டால் தரகர் வாங்குபவரிடம் 39 சொல்வார். இடையிலுள்ள 4 லட்சம் அவருடையது; இரு பக்கக் கமிஷன் அதற்கு மேல் தனி. விற்பவருக்கும் இது தெரியாது. இரண்டு பேரும் நேருக்கு நேர் உட்கார்ந்தால் அந்த 4 லட்சம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். அதனால்தான் சந்திப்பு தள்ளிக்கொண்டே போகிறது.

இதற்குச் சண்டை போடத் தேவையில்லை. உரிமையாளரின் பெயரைக் கண்டுபிடிக்கத் தரகரின் தயவு வேண்டியதில்லை. சர்வே எண்ணும் கிராமத்தின் பெயரும் இருந்தால் போதும். வருவாய்த் துறையின் இணையச் சேவையில் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கலாம். பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் கட்டணமில்லாமலேயே பார்வையிடலாம். கடைசியாகக் கிரயம் வாங்கியவரின் பெயர் அதில் இருக்கும். சர்வே எண்ணைத் தர மறுக்கும் தரகரிடம் அந்த இடத்தைப் பற்றி மேற்கொண்டு பேச ஒன்றுமே இல்லை. அடுத்த இடத்துக்குப் போய்விடலாம்.

சந்திப்பைக் கேட்கும் விதமும் முக்கியம். "உங்க மேல நம்பிக்கை இல்ல" என்ற தொனி வந்தால் தரகர் முறுக்கிக்கொள்வார். "அண்ணே, உங்க கமிஷன் எங்கேயும் போகாது, அதை இப்பவே எழுதித் தர்றேன். ஆனா ஓனரைப் பார்க்காம எங்க வீட்டுல பெரியவங்க சம்மதிக்க மாட்டாங்க" என்று சொன்னால் மறுக்க அவருக்கு வழியில்லை. சொன்னபடி எழுதியும் கொடுத்துவிட வேண்டும். நான்கு வரி போதும்: எந்தச் சொத்து, எத்தனை சதவீதம், எப்போது தரப்படும், கிரயம் நின்றுபோனால் கமிஷன் கிடையாது. தன்னைத் தாண்டி இவர்கள் நேராக முடித்துக்கொள்வார்களோ என்ற பயம் தரகருக்கும் உண்டு. அது நியாயமான பயம்தான். அப்படி ஏமாந்த தரகர்கள் ஏராளம். அந்தப் பயத்தைத் தீர்த்துவைத்தால் முரண்டு பிடித்த பலர் இறங்கி வருவார்கள்.

உரிமையாளருக்குப் பதில் 'பவர்' வாங்கியவர் வந்து உட்காருவதும் உண்டு. பொது அதிகார ஆவணம் மட்டும் வைத்து நடக்கும் கைமாற்றம் சொத்துரிமையைத் தராது என்று 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உரிமையாளர் சார்பில் பவர் ஏஜென்ட் முறையாகக் கிரயப் பத்திரம் எழுதித் தருவது வேறு, அது செல்லும். ஆனால் பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்த அதிகாரம் பொதுவாக அந்த நிமிடமே முடிந்துவிடும். அதனால்தான் பவர் வழியாக வரும் கிரயத்துக்கு, அதை எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றைப் பதிவு அலுவலகத்தில் கேட்கிறார்கள். அந்தச் சான்று வரும்வரை காத்திராமல் இன்றே அவரோடு வீடியோ அழைப்பில் பேசிவிடுவது நல்லது. பவர் ரத்தாகியிருந்தால் அதுவும் பெரும்பாலும் வில்லங்கச் சான்றில் தெரிந்துவிடும்.

"எல்லாம் கிளியர் டாக்குமென்ட் சார்"

மனை விற்பனையில் இதைவிட அதிகமாகச் சொல்லப்படும் வாக்கியம் இருக்க முடியாது. தரகர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. பல தரகர்கள் பத்திரத்தைப் படித்துப் பார்த்ததே இல்லை. உரிமையாளர் சொன்னதை அப்படியே ஒப்பிக்கிறார்கள்.

கேட்க வேண்டியது நகல் கட்டு. தற்போதைய கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப்பத்திரங்கள், பட்டா, புலப்படம், அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட் வரைபடம், சொத்துவரி ரசீது, இறந்தவர் வழியாக வந்த சொத்து என்றால் வாரிசுச் சான்று. "அட்வான்ஸ் குடுத்தாத்தான் ஜெராக்ஸ் தருவாங்க" என்று சில தரகர்கள் அடம் பிடிப்பார்கள். விற்பனைப் பத்திரத்தின் எண்ணும் ஆண்டும் தெரிந்தால் பதிவு அலுவலகத்திலிருந்து சான்றிட்ட நகலை வாங்குபவரே மனுச் செய்து வாங்கிக்கொள்ளலாம். அந்த எண் வில்லங்கச் சான்றிலேயே இருக்கிறது. ஆகவே ஜெராக்ஸை வைத்து மிரட்ட முடியாது.

வில்லங்கச் சான்றைக் கையில் வாங்கியதும் 'வில்லங்கம் இல்லை' என்று நிம்மதி அடைவது தவறு. அதில் ஒவ்வொரு வரியாகப் படிக்க வேண்டும். எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் என்ற இரண்டு பெயர்களில், ஒரு பதிவில் வாங்கியவராக இருப்பவர் அடுத்த பதிவில் கொடுத்தவராக வர வேண்டும். இடையில் சம்பந்தமில்லாத பெயர் ஒன்று முளைத்தால் அங்கே கதை இருக்கிறது. வங்கியில் பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கிய பதிவு இருந்தால், அதைத் தீர்த்ததற்கான ரசீது ஆவணமும் பின்னால் வந்திருக்க வேண்டும். பதிவாகாத உயிலும் வாய்மொழியாக நடந்த பாகப்பிரிவினையும் நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள வழக்கும் இந்தச் சான்றில் தெரியாமல் போகலாம். குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பார்ப்பது வங்கிகளின் வழக்கம். இணையத்தில் கிடைக்காத பழைய ஆண்டுகளைப் பதிவு அலுவலகத்தில் மனுச் செய்து தேடித்தான் ஆக வேண்டும்.

தரகர் பேச்சில் மிகவும் ஆபத்தான வாக்கியம் இது: "அக்கா தங்கச்சி கையெழுத்தெல்லாம் வேணாம் சார், அவங்களுக்கு அப்பவே நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சு." நகை போட்டுக் கல்யாணம் செய்து கொடுத்ததால் மகளின் பங்கு கரைந்துவிடாது. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பிலேயே சம உரிமை உண்டு என்று 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் சொன்னது. 2005-இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை என்று 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வாரிசுச் சான்றில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிரயத்தில் கையெழுத்திடட்டும், அல்லது பதிவு செய்த விடுதலைப் பத்திரம் கொடுக்கட்டும். பங்குதாரர்களில் மைனர் இருந்தால் அவருடைய பங்கை விற்க இயற்கைக் காப்பாளருக்கே நீதிமன்ற அனுமதி தேவை. தரகர் இதையெல்லாம் 'தேவையில்லாத இழுவை' என்பார். பத்து வருடம் கழித்து மூத்த மகளிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வரும்போது அந்தத் தரகரின் போன் நம்பர்கூட மாறியிருக்கும்.

அடுத்தது 'பஞ்சாயத்து அப்ரூவ்டு'. ஊராட்சித் தலைவரின் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் போட்ட வரைபடத்தை அங்கீகாரம் என்று காட்டி ஆயிரக்கணக்கான மனைகள் விற்கப்பட்டன. லேஅவுட்டுக்குத் தொழில்நுட்ப அனுமதி தருவது சென்னைப் பெருநகரப் பகுதியில் சி.எம்.டி.ஏ., மற்ற இடங்களில் டி.டி.சி.பி. எனும் நகர் ஊரமைப்பு இயக்ககம். ஊராட்சித் தலைவருக்குத் தனியாக அந்த அதிகாரம் இல்லை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டபோது மாநிலம் முழுவதும் பதிவு அலுவலகங்கள் வெறிச்சோடின. மகள் கல்யாணத்துக்கென்று மனை வாங்கிப் போட்டவர்கள் விற்க முடியாமல் தவித்தார்கள். பிறகு 2017-இல் வந்த வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளுக்கே வழி செய்தது. இன்றும் பழைய லேஅவுட்டில் மனை காட்டினால், "வரன்முறை ஆணை நகல் எங்கே?" என்று கேட்டாக வேண்டும். லேஅவுட்டுக்கு மட்டுமா, அந்த மனை எண்ணுக்குமா என்றும் பார்க்க வேண்டும். பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தையே மனையாக்கி விற்ற கதைகளும் உண்டு. அசல் வரைபடத்தில் மனை எண்ணைத் தேடினால் இது தெரிந்துவிடும்.

விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் நிலத்தின் வகையைப் பார்க்க வேண்டும். புறம்போக்கு, கோயில் நிலம், 1892-க்குப் பின் ஆங்கிலேய அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு ஒப்படைத்த பஞ்சமி நிலம் ஆகியவற்றை வெளியாட்கள் வாங்கவே முடியாது. வருவாய்த் துறையின் அ-பதிவேட்டைப் பார்க்கச் சில நிமிடங்கள்தான் ஆகும்.

"வரப்போகுது" என்ற பேச்சையும் சேர்த்தே சொல்லிவிடலாம். பரந்தூரில் புதிய விமான நிலையம் என்று 2022-இல் அறிவிப்பு வந்ததும் காஞ்சிபுரத்தைச் சுற்றி மனை விளம்பரங்கள் பெருகின. அறிவிப்பில் உள்ள கிராமங்களின் நிலம் கையகப்படுத்தப்படும் நிலம்; அங்கே மனை வாங்குபவர் இழப்பீட்டுக்காகக் காத்திருக்க வேண்டியவர். கிளாம்பாக்கம் பேருந்து முனையமோ 2023 டிசம்பர் இறுதியில் திறந்தேவிட்டது. அதை வைத்து விலை சொன்னால் பேசலாம். திறந்ததற்கு விலை கொடுக்கலாம், வரப்போவதற்குக் கொடுக்கக் கூடாது.

இடத்தைக் கோடையில் மட்டும் காட்டும் தரகரும் உண்டு. தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023-இல் மிக்ஜாம் புயலின்போதும் மூழ்கின. ஏப்ரலில் அங்கே நின்று பார்ப்பவருக்கு அது தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு நடை போய்ப் பார்க்க வேண்டும். அது முடியாவிட்டால் தரகர் இல்லாத நேரத்தில் அந்தத் தெருவின் மளிகைக் கடையிலோ இஸ்திரி வண்டிக்காரரிடமோ கேட்டால், தண்ணீர் எந்தச் சுவர் வரைக்கும் வந்தது என்று கைகாட்டிச் சொல்லிவிடுவார்கள்.

இத்தனையையும் படித்துக் கருத்துச் சொல்ல வக்கீல் ஒருவர் வேண்டும். அவர் தரகர் கூட்டிவரும் 'நம்ம வக்கீலா'க இருக்கக் கூடாது. வாங்குபவர் பணம் கொடுத்து அமர்த்திய, எழுத்தில் கையெழுத்திட்டுக் கருத்துத் தரும் வக்கீலாக இருக்க வேண்டும். வங்கிக் கடன் போட்டால் வங்கியின் வக்கீலும் பார்ப்பார். ஆனால் அவர் பார்ப்பது வங்கிக்காக.

டோக்கன்

கார் பானெட்டின் மேல் வைத்து, நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாளில், "டோக்கன் அட்வான்ஸ் பெற்றுக்கொண்டேன்" என்று தரகர் எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குப் பெரிய மதிப்பில்லை. பணம் வாங்கியவர் உரிமையாளர் இல்லை, எந்தச் சொத்துக்கு என்று சர்வே எண் இல்லை, திருப்பித் தரும் நிபந்தனை இல்லை. பிறகு கேட்டால், "ஓனர்கிட்ட குடுத்துட்டேன், அவரு செலவு பண்ணிட்டாரு" என்ற பதில்தான் வரும்.

கொடுத்தே ஆக வேண்டும் என்றால் உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்ப வேண்டும். அனுப்பிய கையோடு உரிமையாளருக்கும் தரகருக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் செய்தி: "இன்ன கிராமம், இன்ன சர்வே எண், இத்தனை சென்ட் மனைக்கு, மொத்த விலை இவ்வளவு என்று பேசி, முன்பணமாக 25 ஆயிரம் ரூபாய் உங்கள் கணக்கில் செலுத்தியுள்ளேன். என் வக்கீலின் கருத்து சாதகமாக இல்லாவிட்டால் 7 நாளில் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும் என்று பேசியிருக்கிறோம்." இதற்கு உரிமையாளர் "சரி" என்று ஒரு வார்த்தை பதில் போட்டாலும் அது சாட்சியம். போனை மாற்றினாலும் அந்தச் செய்தி உள்ள பழைய போனைத் தூக்கிப் போடக் கூடாது.

நிலம், வீடு விற்பனையில் 20 ஆயிரம் ரூபாய் அல்லது அதற்கு மேல் முன்பணத்தை ரொக்கமாக வாங்குவது 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டப்படி தடை. வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விற்பவர் தலையில் விழும். "பாதி வெள்ளை, பாதி பிளாக்" என்று தரகர் சொன்னால் இந்த விதியை விற்பவரிடம் நேராகச் சொல்லிவிடலாம். ஆபத்து தனக்கும்தான் என்று தெரிந்ததும் பலர் காசோலைக்குச் சம்மதிக்கிறார்கள். வாங்குபவருக்கும் ரொக்கம் நஷ்டமே. பத்திரத்தில் காட்டாத தொகையை வழக்கென்று வந்தால் நிரூபிக்க முடியாது, வங்கிக் கடனும் குறையும், பின்னாளில் அதே சொத்தை விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து வரியும் கூடும்.

ரெராவில் பதிவான திட்டம் என்றால் இன்னும் வலுவான பிடி உண்டு. விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கும் முன் விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்தாக வேண்டும்.

மறுவிற்பனையிலும் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கட்டாயம். "இருபது ரூபா பத்திரத்துல எழுதிக்கலாம், எதுக்கு வீண் செலவு" என்று தரகர் சொல்லுவார். பதிவு செய்யாத ஒப்பந்தத்தையும் கிரயம் கேட்டுத் தொடுக்கும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான். ஆனால் வழக்குப் போட்டு வருடக்கணக்கில் அலைவதைவிடப் பதிவுச் செலவு சின்னது. பதிவான ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். அதே மனையை அதே தரகர் இன்னொருவரிடம் காட்டினாலும் அவர் பார்த்துவிட்டுப் பின்வாங்குவார்.

பதிவு அலுவலகத்தில்

ஆவணி பிறந்தால் விலை ஏறிவிடும், ஆடிப்பெருக்கை விட்டால் நல்ல நாளே இல்லை என்று தேதியை வைத்து நெருக்குவது தரகர்களின் பழைய பழக்கம். நல்ல நாளில் பத்திரம் போட விரும்புவது மக்களின் நம்பிக்கை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்காகவே சுபமுகூர்த்த நாட்களில் ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்தில் 100-க்குப் பதில் 150 டோக்கன் என்று பதிவுத் துறை கூடுதலாக ஒதுக்குகிறது. நல்ல நாள் வருடம் முழுக்க வரும். வக்கீலின் கருத்து வந்த பிறகு நாள் குறிப்பதுதான் சரியான வரிசை.

செலவுக் கணக்கையும் முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும். 2023 ஏப்ரல் முதல் மனை, தனி வீடு கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்ற கணக்கில் 40 லட்சத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் அரசுக்குப் போகும். இது இணையத்தில் நேராகக் கட்டும் பணம். "ஆபீஸ் செலவு, அது இது எல்லாம் சேர்த்து" என்று தரகர் மொத்தமாகக் கேட்டால் ரசீதுள்ள இனங்களுக்கு மட்டும் தரலாம். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் 1 சதவீத வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் விதி வேறு, பிடித்தமும் பல மடங்கு கூடும். வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் இருந்துகொண்டு ஊர் மனையை விற்பவர்கள் பெருகிவிட்ட காலம் இது. இதைத் தரகர் நினைவூட்டுவார் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது அவசியம்.

கமிஷன் தகராறு வெடிப்பதும் இந்த நாளில்தான். ஒரு சதவீதம் பேசியவர் பதிவு அலுவலக வாசலில் இரண்டு என்பார். புதிதாக இரண்டு பேர், "நாங்கதான் முதல்ல காட்டினோம்" என்று வந்து நிற்பார்கள். நல்ல காரியத்தில் சத்தம் வேண்டாமே என்று வாங்குபவர் சட்டைப்பையில் கைவிடுவார். அப்போது உதவுவது முன்பு எழுதிக்கொண்ட அந்த நான்கு வரிதான். அதைக் காட்டி, "பேசினது இவர்கிட்ட, தர்றதும் இவர்கிட்டதான். உங்களுக்குள்ள பங்கு பிரிச்சுக்குங்க" என்று சொல்லிவிட வேண்டும். கமிஷனை வங்கி வழியாக, கிரயம் பதிவான பிறகே தர வேண்டும். பேசியதைத் தாமதிக்காமல் தந்துவிடுவதும் வாங்குபவரின் கடமை.

தகராறு முற்றினால்

பதிவான திட்டம், பதிவு செய்த முகவர் என்றால் ரெரா ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். பில்டர் மீது மட்டுமின்றி முகவர் மீதும் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. இல்லாத அனுமதியை இருப்பதாகச் சொல்வதும் முன்பதிவின்போது ஆவணங்களைத் தராமல் இருப்பதும் முகவர் செய்யக் கூடாதவை. மறுவிற்பனைத் தரகர் கமிஷன் வாங்கிக்கொண்டு உண்மையை மறைத்திருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். போலிப் பத்திரம், ஆள்மாறாட்டம் என்றால் அது குற்றம். உள்ளூர் ஸ்டேஷனில் தட்டிக்கழித்தால் மாவட்டக் குற்றப்பிரிவிடம் போகலாம். சென்னையில் மத்தியக் குற்றப்பிரிவு இதை விசாரிக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தருகிறது. இது பலருக்குத் தெரிவதே இல்லை.

டோக்கன் பணம் திரும்பி வந்துவிட்டால் போதும் என்று பெரும்பாலானோர் புகார் கொடுக்காமல் ஒதுங்கிவிடுகிறார்கள். அதே மனையை அதே பத்திரத்தோடு அந்தத் தரகர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறொரு குடும்பத்துக்குக் காட்டுவார். பத்திரத்தில் மோசடி இருப்பது தெரிந்துவிட்டால், பணம் போகாவிட்டாலும் எழுத்தில் ஒரு புகார் கொடுங்கள். அதன் ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.